கரன்ட் பம்ப்பு

"பழைய ஜீப்புக்குக் கார் இஞ்சின் போடுறது சரி. ஆனா பெட்ரோல் ஏத்துறதுக்குக் கரன்ட் பம்ப்பு வேணாம்மா. ஒயர் போச்சுன்னா வண்டி நடுரோட்ல நின்னுடும்," என்றார் மெக்கானிக் கோதண்டபாணி.

"நின்னா நிக்கட்டும்ண்ணே, அதையே போடுங்க," என்றாள் ஃபீபி. மலைக் கிராமங்களுக்குத் தனியாக ஜீப் ஓட்டிப் போகும் நர்ஸ் அவள்.

அடுத்த வாரம், காய்ச்சல் என்று கைகாட்டி ஏறியவன் அணைக்கட்டு ஊரை நெருங்கும்போது கத்தியை எடுத்தான்.

"ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் விடு. கத்துன, குத்திடுவேன்."

ஃபீபி ஓட்டிக்கொண்டே போனாள். ஊருக்கு முன்னால் இருந்த பாலத்தின் மேல் போகும்போது செருப்பு கழன்றது. குனிந்து அதைத் தள்ளிவிட்டாள்.

"குனியாத!"

கடைத்தெருவில் ஜீப் இருமி இருமி நின்றுவிட்டது. எதிரே போலீஸ் ஸ்டேஷன்.

"இன்னாடி ஆச்சு?"

"பம்ப்பு... ஒயர் போச்சுபோல..."

வாசலில் நின்ற ஏட்டு ஜீப்பை நோக்கி வந்தார். அவன் குதித்து ஓடினான். கடைக்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள்.

"உன் நல்ல நேரம்மா, வண்டி இங்க வந்து நின்னுச்சு," என்றார் ஏட்டு.

ஃபீபி சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்சைப் போட்டாள். பம்ப்பு டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியது.

"பாலத்துலயே அணைச்சுட்டேன் சார். கார்புரேட்டர்ல மிச்சமிருக்கிற பெட்ரோல் இதுவரைக்கும்தான் வரும். எவ்வளவு தூரம் ஓடும்னு ஒரு வாரமா தினமும் அணைச்சு அணைச்சுப் பார்த்து வெச்சிருந்தேன்."