ஊறுகாய் சுற்றி வந்த சேலை

செத்துப்போன பாக்கியரத்தினத்தின் நினைவுக்கு விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அவள் உடுத்திய நீலச் சேலையை அந்த விலைக்கு அவளுக்கு விற்றவரே துணி வியாபாரி கலீலுர் றஹ்மான்தான். இப்போது அதைக் கிழித்த துண்டொன்றில் ஊறுகாய்ப் போத்தலை முடிந்து, றஹ்மானின் புதுவீட்டுக்குப் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறார் அவள் புருஷன் தவராசா. "கடதாசி சுத்தினாக் குப்பைதானே, நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்கிறார் தவராசா. போத்தல் குசினி அடுப்படிக்குப் போய்விட்டது. துண்டு மேசையில் கிடக்கிறது. துறைமுகக் காற்று அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. வைத்துக்கொண்டால் களவு மாதிரி, திருப்பிக் கொடுத்தால் அவமரியாதை மாதிரி. ஊரையே பேரத்தில் மடக்கும் றஹ்மான் துண்டை நாலாக மடித்து நீட்டுகிறார், பாதியில் இழுக்கிறார். "இது உங்களுக்குத் தேவைப்படுமோ?" தவராசாவின் கையும் பாதிவரை வந்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொள்கிறது. "இதுக்கும் பேரமோ, நானா?" றஹ்மான் சிரித்துவைக்கிறார். அவர் மனக்கணக்கில் ஊறுகாய் வரவு ஏறிவிட்டது. சேலைத் துண்டு மட்டும் இரண்டு பேர் பக்கமும் பாக்கி நிற்கிறது.