வெள்ளைச் சீருடையில் ஒரு பயணம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு மூட்டை ஏற்றுகிறேன். தூறல் விடவில்லை. பன்வில தேயிலைத் தோட்டத்துத் தாயொருத்தி மகளோடு நிற்கிறாள். பயணத்துக்கு வேறு நல்ல உடுப்பில்லை போலும். மகள் பாடசாலைச் சீருடையில் இருக்கிறாள். துணி திணித்த புத்தகப்பையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்: அனிஸ்டா, தரம் ஒன்பது. நாற்பது வயதில் நான் கற்ற எழுத்து. “என்ன தங்கச்சி, கொழும்பு ஸ்கூலுக்கா?” கண்டக்டர் சிரிக்கிறான். “வீட்டு வேலைக்குங்க,” என்கிறாள் தாய். “அண்ணங்காரன் படிக்கிறான். ரெண்டு பேரையும் படிக்க வைக்க ஏலாது.” அனிஸ்டா தன் காலிலுள்ள வெள்ளைச் சப்பாத்தையே பார்க்கிறாள். பையை வாங்கி, ஈரமான மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே வைக்கப் போகிறேன். தாய்க்குக் கேட்காமல் அவள் கிட்ட வந்து, “நனையாம வைங்க மாமா, உள்ளுக்கு பாடக் கொப்பி இருக்கு” என்கிறாள். என் தோளில் கிடக்கும் சாக்கை உதறி, பைக்கு அடியில் விரிக்கிறேன். அதுவும் ஈரமாகத்தான் இருக்கிறது.