எழுபத்தொரு சிரிப்பு

"எழுபத்தொண்ணு டாக்டரம்மா! போன மாசம் இருபத்தாறுதான். இந்த மாசம் எழுபத்தொண்ணு!"

அவள் நோட்டை மேஜைமேல் வைத்து, டாக்டரின் பக்கமாகத் திருப்பிவிட்டாள். தேதி, நேரம், அதற்கு நேராக ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு சிரிப்பு.

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகச் செக்கிங் வேலை அவளுக்கு. மயிரிழை விரிசல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளிடம் புருஷன் முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் விடுவாளா?

"முதல்ல உட்காருங்க. அவர் எங்கே?"

"வெளியில பெஞ்சுல இருக்கார். நோட்டு எழுதறவங்களைத் தனியாத்தானே விசாரிப்பீங்க?"

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் இடது காதுக்குக் கீழே வந்த புற்றுக் கட்டியை எடுத்தபோது, முக நரம்பும் சேர்ந்து போனது. இடது பக்கம் முழுக்கத் தொங்கிவிட்டது. டாக்டரம்மாதான் அவர் தொடையிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்துக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார். இந்தச் சிகிச்சைக்கான ஆராய்ச்சியில் சேர்ந்த பதினோரு பேரில் அவரும் ஒருவர். யாரும் சொல்லாமல் அந்தக் கன்னம் எத்தனை தடவை சிரிக்கிறது என்று வீட்டில் ஒருவர் எழுதி வர வேண்டும்.

மற்ற பத்து நோட்டுகளும் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள்தான். டாக்டர் தன் வாழ்க்கையில் ஏழு வருஷத்தை இதில் கொட்டியிருந்தார். எழுபத்தொண்ணு என்றதும் அவருக்கும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"எப்பெல்லாம் சிரிக்கிறார், சொல்லுங்க!"

"எப்பன்னு சொல்ல? சாப்பிடறப்ப சிரிக்கிறார். சட்டை மாட்டறப்ப சிரிக்கிறார். கூப்பிட்டா திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. தூக்கத்துலகூடச் சிரிக்கிறார்னா பார்த்துக்கோங்களேன்!"

பேனாவைத் திறந்த டாக்டர் எழுதவில்லை.

"நல்லா சாப்பிடறாரா?"

"எங்கே டாக்டரம்மா..." அவளுடைய துள்ளல் அப்படியே வடிந்தது. "ரெண்டு வாய்தான். தட்டைத் தள்ளிடறார். பேச்சு சுத்தமா குறைஞ்சு போச்சு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்னா உட்கார்ந்ததுதான். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். வீடு வீடாவே இல்லை. நான் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பாத்ரூம்ல நின்னு அழறேன். வெளியில வந்து பார்த்தா அந்தக் கன்னம் மேலே ஏறுது. சரி, மனுஷன் உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருக்கார், நாமதான் கண்டதையும் நினைச்சுக்கறோம்னு மனசைத் தேத்திக்கறேன். அது மட்டும் இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

டாக்டர் நோட்டை முதலிலிருந்து புரட்டினார். முதல் மாதம் மூன்று. அடுத்தது ஒன்பது. அப்புறம் இருபத்தாறு. நல்ல கையெழுத்து, கோணல்மாணல் இல்லாத கோடுகள்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கணுமே. எடுத்தீங்களா?"

"அதுவா..." அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "இந்தத் தடவை வேண்டாம்னுட்டார். சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கார், எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்னு நானும் விட்டுட்டேன். தப்பா டாக்டரம்மா?"

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். "வலது பக்கம்? அதுதான் நல்லா இருக்கிற பக்கம். அதுவும் சேர்ந்து சிரிக்குதா?"

"அதை நீங்க எழுதச் சொல்லலையே." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லை. அது அசைஞ்சு நான் பார்க்கலை."

"சரிம்மா. இந்தச் சீட்டுக்குக் கவுன்ட்டர்ல சீல் போட்டுட்டு வாங்க. அவரை உள்ளே வரச் சொல்லுங்க."

எழுந்தவள் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி அது.

"அவர் பிழைச்சுட்டார்தானே டாக்டரம்மா? இவ்வளவு சிரிக்கிறவருக்கு இனிமே ஒண்ணும் வராதுதானே?"

"போயிட்டு வாங்கம்மா."

அவர் வந்து உட்கார்ந்தார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. டாக்டர் இடது காதுக்குக் கீழே, தையல் தழும்பை ஒட்டி விரலை வைத்து மெல்ல அழுத்தினார். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

அவருடைய இடது கன்னம் கண்வரைக்கும் ஏறியது. அழகான சிரிப்பு. எந்த மருத்துவ மாநாட்டிலும் பெரிதாகப் போட்டுக் காட்டலாம். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து அந்தச் சிரிப்பின்மேல் இறங்கியது.

டாக்டர் விரலை எடுத்துவிட்டார்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"நாலு மாசம் ஆச்சு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒவ்வொண்ணையும் சிரிப்பு சிரிப்புன்னு எழுதிட்டு வந்திருக்காங்களே!"

"சொல்லலாம்னுதான் வாயெடுப்பேன். அதுக்குள்ள அவ நோட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுவா. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?" அவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, மெல்லுற நரம்போடதான் இதைச் சேர்த்திருக்கு, பல்லைக் கடிச்சாத்தான் இந்தக் கன்னம் ஏறும், இது நோட்டு எழுதறவங்களுக்குத் தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும், சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?"