முதல் நாள் பாராட்டு

தையற்காரரின் விரல்கள் மறுபடியும் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே மடங்கி இறுகிக்கொண்டன. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

“விரல் இழுப்புக்குக் குடுத்த கால்சியம் மாத்திரைய நிஜமா முழுங்குறீங்களா மாமா, இல்ல பொத்தான் டப்பாவுல போடுறீங்களா?” என்று அதட்டிய மருமகள், அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். “பெரியவர் மேல பழி போடாதீங்கம்மா. இவருக்கு மெக்னீசியம் குறைஞ்சிருக்கு. அது இல்லன்னா, கால்சியத்தைக் காவல் காக்குற ஹார்மோன் சரியா சுரக்காது. எவ்வளவு கால்சியம் முழுங்குனாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துன கதைதான். வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா, பெரியவரே?”

தையற்காரர் கூரையைப் பார்த்தார். “நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு... தினமும். இந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்ததுலேருந்து.”

“வருஷக்கணக்கா அதை முழுங்குனா மெக்னீசியம் எப்படித் தங்கும்? சரி, நெஞ்செரிச்சல் எதுக்கு?”

“முத நாள் சமையல்ல மிளகாயை அள்ளிப் போட்டிருந்தா. புதுப் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு, ‘இப்படித்தாம்மா எனக்குப் பிடிக்கும்’னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்து அதே காரம்.”

மருமகள் கோபித்துக்கொள்வாள் என்று, அவர் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டார்.

அவளோ கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தாள். அவர் விழுங்கும் அதே நெஞ்செரிச்சல் மாத்திரை!

“அன்னைக்குக் கை தவறிக் கொட்டிடுச்சு மாமா. உங்களுக்குப் பிடிக்குதேன்னுதான் நானும் இத்தனை வருஷமா...”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் கையை நீட்டுங்கம்மா. ரத்தம் எடுக்கணும்.”