இலவச பேட்டரி

"பேட்டரி மட்டும் வேணாம் தம்பி" என்றார் மில்காரம்மா.

எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஜவுளிக்கடைத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் 'வேண்டாம்' என்பது மறுப்பல்ல, பேரத்தின் பிள்ளையார் சுழி. துணியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆளை அப்பா கூப்பிடவே மாட்டார். செருப்பில் கால் நுழையும் நேரம் பார்த்து ஒரு விலை சொல்வார். போனவர் திரும்பி வந்து உட்காருவார்.

இங்கே ஒரே சிக்கல், வீடு அவருடையது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தவன் நான்.

மாடியில் சோலார் மாட்டினால் தெருவே அண்ணாந்து பார்த்த காலம் அது. இந்த வியாபாரத்துக்கு நான் புதுசு. யாரைப் பார்த்தாலும் அவர் மொட்டைமாடியில் எத்தனை பேனல் பிடிக்கும் என்றுதான் மனசு அளக்கும்.

மூடிப்போன மாவு மில்லின் மேல்மாடியில் அந்த வீடு. மில்லை நிறுத்தி எவ்வளவோ காலமாகியும் படிக்கட்டில் மாவு வாசம் போகவில்லை. அம்மாவின் கணவர், பெரியவருக்குச் சூடு தாங்காது. உள்ளறையில் ஏசி ஓய்வே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் பில் கட்டுவது வெளியூரில் இருக்கும் மகன். இனி கட்ட முடியாது, பில் இறங்கவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் என்னிடம் வந்துவிடுங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டானாம்.

"அவன் ஊர்ல கரண்டே போகாதாம்" என்று முகத்தைச் சுளித்தார் அம்மா.

மருமகளோடு ஒத்துப்போகாது போல என்று நான் கணக்குப் போட்டேன்.

பேனல் போட்டால் பில் பாதிக்கும் கீழே போய்விடும் என்று விளக்கினேன். பகலில் வெயில் கொடுக்கிற கரண்டை வீடு குடிக்கும், மிச்சம் லைனுக்குப் போகும். ஆனால் லைனில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும்; கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படி ஒரு ஏற்பாடு. இதைக் கேட்டதும் எல்லோர் முகமும் தொங்கிவிடும். தொங்கின முகத்தின் முன்னால்தான், கரண்ட் போனாலும் வீட்டை ஓடவைக்கிற பேட்டரியை நான் கொண்டுவந்து வைப்பேன்.

"நிச்சயமா நின்னுடுமில்ல?" என்று கேட்டார் அம்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

பயந்துவிட்டார், வலையில் விழுந்தாயிற்று என்று நினைத்தேன்.

உள்ளறையிலிருந்து பெரியவர் குரல் வந்தது. "ஏங்க, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"இதோ தரேங்க" என்று அம்மா எழுந்து போனார்.

கட்டின மனைவியிடம் இவ்வளவு மரியாதையா என்று வாயைப் பிளந்தேன். என் அப்பா வீட்டில் தண்ணீர் கேட்கிற அதட்டலுக்கு எதிர்க்கடைக்காரர் சொம்போடு ஓடிவருவார்.

அம்மா திரும்பி வந்ததும் பேரம் சூடுபிடித்தது. பேனல், ஒயர், இரும்புச் சட்டம், மாட்டுகிற கூலி, ஒவ்வொன்றிலும் என் தோலை உரித்தார். எங்கள் தெருவில் கடை போட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் ஊரைக் காலி செய்திருப்போம். பேட்டரிக்கு வந்தால் மட்டும் விலையே கேட்கவில்லை. நானாகக் குறைத்தேன். வேணாம். தவணை என்றேன். வேணாம்.

கடைசியில், கடையில் ஒரு பேட்டரி சும்மா தூங்குகிறது, காசே வேண்டாம், கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றேன். பேட்டரி உள்ளே நுழைந்துவிட்டால் வருஷா வருஷம் சர்வீஸுக்கு என்னைத்தானே கூப்பிட்டாக வேண்டும்?

"சும்மா குடுத்தாலும் வேணாம்."

சும்மா கிடைப்பதை வேண்டாம் என்ற ஆளை எங்கள் தெரு பார்த்ததில்லை. எந்தப் பக்கம் காயை நகர்த்துவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கரண்ட் போனது.

ஏசி அடங்கியது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிவிட்டு நின்றது. மின்விசிறி மனசில்லாமல் சுற்றி ஓய்ந்தது. வீடு கப்சிப்.

என் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல நேரம் அமையுமா? பார்த்தீர்களா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

அம்மா கையை உயர்த்தித் தடுத்தார். காது மட்டும் உள்ளறைப் பக்கம் இருந்தது.

"ஏய் அரைப்படி, மிஷின்தான் நின்னுடுச்சே, இன்னும் அங்க என்ன பண்ற? வந்து உக்காரு."

பெரியவர்தான். ஆனால் குரலில் பாதி வயசு உதிர்ந்திருந்தது.

அம்மா குள்ளம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே அவசரமாகச் சொன்னார். மில் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காதாம். கரண்ட் போய் மிஷின் நின்றால்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சே. சண்டை போட்டது, சமாதானமானது, மகனுக்குப் பெயர் யோசித்தது, எல்லாம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அந்த அமைதியில்தானாம்.

"இப்படி எல்லாம் நின்னாதான் தம்பி, நான் யாருன்னு அவருக்குத் தெரியும். வந்துடுச்சுன்னா மறுபடியும் நான் யாரோ."

சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அந்த வயதில் அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரியவர் என்னவோ முணுமுணுத்தார். "போய்யா" என்று அம்மா சிரித்தார்.

கூடத்தில் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கரண்ட் விற்று வயிறு வளர்க்கிறவன், கரண்ட் வந்துவிடக் கூடாதென்று கடவுளிடம் பேரத்தில் இறங்கினேன். ஒரு மணி நேரம் கேட்டேன். அரை மணி என்றேன். பிறகு கால் மணி.

அதற்குக் கீழே கட்டுப்படியாகாது சாமி என்று சொல்லிவிட்டேன்.