முதல் உருண்டை

பெண்ணின் அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டபோது, பூந்தி பாகில் விழுந்தது.

மாப்பிள்ளைப் பையனின் பெரியப்பா அதிகம் பேசவில்லை. பையன் முடியவே முடியாது என்கிறானாம். மன்னிக்கணுமாம்.

விடிந்தால் முகூர்த்தம்.

இவரோ பருப்பு மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகசியமாய் விலை பேசியே தலை நரைத்தவர். சரக்கோடு லாரி கவிழ்ந்த அன்றும் பேரம் பேச வந்தவருக்குக் காப்பி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இன்று முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, வந்து கை வைங்க," என்றார் சமையல் மாஸ்டர் வேலாயுதம். "நீங்க தொட்டாத்தான் மத்தவங்களுக்குக் கை ஓடும்."

அந்த வீட்டு வழக்கம் அது. கல்யாண லட்டில் முதல் உருண்டையைப் பெண்ணைப் பெற்றவர்தான் பிடிக்க வேண்டும். அதுவரை நெய் தடவிய கையோடு பெண்கள் தாம்பாளத்தைச் சுற்றிக் காத்திருப்பார்கள்.

காத்திருந்தார்கள்.

"மாமனாராகப் போறவருக்குக் கை ஓடலை பாருங்க," என்றாள் கொழுந்தியாள்.

சமையல்கட்டே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் அவர் மனைவி.

தாம்பாளத்திலிருந்து ஆவி எழுந்தது.

சின்ன வயதில் மகள் கேட்டிருக்கிறாள், பூந்தின்னா என்னப்பா என்று. நாக்பூருக்குக் கடலைப்பருப்பு வாங்கப் போன இடத்தில் அவர் தெரிந்துகொண்டது அது. அங்கே பேசும் இந்தியில் பூந்த் என்றால் துளி. கரண்டிக் கண் வழியாக மாவு துளித்துளியாய் எண்ணெயில் விழுகிறதே, அதனால் பூந்தி.

"அப்போ லட்டு?"

"சூட்டோட பிடிச்சா லட்டு. ஆறிட்டா எந்தக் கொம்பனாலும் ஆகாது. உதிரிதான்."

பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"அண்ணாச்சி, ஆறுது."

பிடித்தால் கல்யாணம் இருக்கிறது. இந்தச் சமையல்கட்டுக்குள் மட்டுமாவது. இன்னும் கொஞ்ச நேரத்துக்காவது.

கையை விட்டார். சுட்டது.

அள்ளினார். அழுத்தினார்.

பாழாய்ப்போனது, பிசிறில்லாமல் திரண்டு நின்றது.

பெண்களின் கைகள் தாம்பாளத்துக்கு நீண்டன.

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். கை நிறைய ஈர மருதாணி. வலது உள்ளங்கையில் மட்டும் கோலம் கலைந்து, செல்போன் அகலத்துக்கு வழித்தெடுத்தது போலிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவர் கையிலிருந்து உருண்டையை வாங்கினாள். தாம்பாளத்தின் மேல் பிடித்து, மெல்ல நசுக்கினாள். மஞ்சள் பூந்தியில் பச்சைப் பச்சையாய் மருதாணி விழுந்தது.

"அடியே, மருதாணி! அத்தனையும் வீணாப்போச்சே!" என்றாள் கொழுந்தியாள்.

"உதிரியாவே இருக்கட்டும்ப்பா," என்றாள்.

பெண்களின் கைகள் அப்படியே நின்றன.

அவர் மனைவியின் முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.