கக்கூஸ் குழாய்

சின்னக்கருப்பனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. காலையிலிருந்து ஒற்றை ஆளாகக் கொல்லையில் பள்ளம் வெட்டி, புதுக் கக்கூஸிலிருந்து செப்டிக் டேங்க் வரை வாட்டம் பார்த்து மண்குழாய் பதித்துக்கொண்டிருந்தான்.

“மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிறலாம், போப்பா,” என்றாள் அந்த வீட்டுக்காரி காலிதா.

“இல்ல தாயி, இன்னைக்கே முடிச்சிருவேன்.”

“பாம்பன் ரயிலப் பிடிக்கவா போற? ஒரு நாள் கூலி கூடுதலாக் கெடச்சா கசக்குதாக்கும்?”

அவன் சிரித்துக்கொண்டே கடைசிக் குழாயின் மூட்டில் சிமெண்டைப் பூசினான். இருட்டுவதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டான்.

“ராவுக்குள்ள பூச்சு இறுகிரும் தாயி. விடிஞ்சதும் புதுசுலயே பொழங்கலாம். பழைய எடுப்புக் கக்கூஸப் பூட்டிருங்க.”

“பூட்டிருவோம். விடியக்காலம் பீ அள்ள ஒருத்தி வாளியோட வந்து நிப்பாளே, அவகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன்.”

“அவள ஒனக்குத் தெரியுமா?”

“எம் பொஞ்சாதி தாயி. கருத்தம்மா.”

காலிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அப்ப அவ வேலை போயிருமேப்பா?”

“போகட்டும்னுதான் இன்னைக்கே முடிச்சேன்.”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன், வாசலில் நின்று திரும்பினான்.

“போன பெருநாளைக்கு நீங்க அவளுக்குத் தாரேன்னு சொன்ன சேலை மட்டும் இன்னும் பாக்கி, தாயி.”